மீந்துபோன மாத்திரைகள்

கொல்லைப்புறத்தில் பத்துக் கோழி வளர்ப்பவர் எவரும் தம்மைப் பண்ணையாளர் என்று எண்ணுவதில்லை. காலையில் பஞ்சாரத்தைத் தூக்கிவிட்டால் அவை தாமே மேயும். மாலையில் தாமே வந்து அடையும். தீனிக்கென்று பெரிதாய்ச் செலவில்லை. நோய்க்கென்று கணக்கும் இல்லை. அவ்வாறு கணக்கில்லாமல் வாழ்ந்ததன் விலையைக் கடந்த ஆண்டு நாங்கள் அறிந்துகொண்டோம். அந்த விலையின் பெரும்பகுதியை எங்களுக்காக வேறொருவர் செலுத்தினார் என்பதுதான் இதனை எழுதத் தூண்டியது.

மரக்காணத்து உப்பளக் கரையில் எங்கள் வீடு. ஒருபுறம் கடலின் இரைச்சல். மறுபுறம் பாத்தி பாத்தியாக விரியும் வெண்மை. நாங்கள் இருவரும் ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர்கள். பிள்ளைகள் வெளியூரில் இருக்க, எங்களோடு இருப்பவர் முதுமையடைந்த தாயார் ஒருவரே. ஆகவே பன்னிரண்டு நாட்டுக்கோழிகளும் எங்கள் வீட்டுக்கு ஒருவகையில் பேச்சுத்துணை.

2024 நவம்பர் 30 இரவில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. புதுச்சேரியில் ஒரே நாளில் 48 சென்டிமீட்டர் மழை பெய்தது. எங்கள் பக்கத்து உப்பளங்கள் பாத்தியும் வரப்பும் தெரியாதபடி ஒரே நீர்ப்பரப்பாயின. கோழிகளைச் சமையலறைத் தாழ்வாரத்தில் சாக்கு விரித்து அடைத்து வைத்தோம். நான்கு நாட்கள் அவை ஈரச் சாக்கின்மேல், தம் எச்சத்தின் காரநெடியில், ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு கிடந்தன. ஐந்தாம் நாள் ஒரு விடைக்கோழி குறட்டை விடுவதுபோல் மூச்சிழுத்தது. கண்ணோரத்தில் நுரை, மூக்கில் நீர். மறுநாள் அதுபோல் மூன்று.

கால்நடை மருந்தகத்துக்குச் செல்லும் சாலையில் இன்னும் நீர் வடியவில்லை. அலமாரித் தகரப்பெட்டியிலோ தாயாருக்கு மூச்சுக்குழல் சளிக்காக எழுதிக் கொடுத்த டாக்சிசைக்ளின் மாத்திரைகள் எட்டு மீந்திருந்தன. ஏழு நாட்களுக்குரியவற்றை அவர் மூன்று நாட்களே உண்டு, இருமல் நின்றதும் நிறுத்திவிட்டார். உயிர்காக்கும் மருந்து வீணாகலாமா என்ற சிக்கனப் புத்தியோடு, நான்கு மாத்திரைகளைப் பிரித்துக் கிணற்றுநீரில் கரைத்துக் கோழிகளுக்கு வைத்தோம். வாரக் கடைசியில் மழை ஓய்ந்தது, கோழிகள் வெயிலில் மேய்ந்தன, குறட்டை நின்றது. மருந்து வேலை செய்துவிட்டது என்று முடிவு கட்டினோம். அந்த முடிவை அண்டை அயலாரிடமும் பெருமையோடு சொன்னோம். எங்களைக் கெடுத்தது தோல்வியன்று, அந்த வெற்றிதான்.

எங்களுக்கு இரண்டு வீடு தள்ளி வசிப்பவர் உப்பளத்தில் வேலை செய்யும் ஓர் அம்மையார். கணவர் இல்லை. மழைக்காலம் தொடங்கினால் உப்பளத்தில் வேலை நின்றுவிடும். பாத்திகளைச் சேறு எடுத்து மிதித்துச் செப்பனிடும் பணி தொடங்கும்வரை கூலி கிடையாது. அந்த மாதங்களில் அவருக்குக் கைகொடுப்பவை கோழிகளும் முட்டைகளுமே. அவ்வாண்டு அவரிடம் பதினொரு உருப்படிகள் இருந்தன. மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். நான்கு கோழிகள் பிள்ளைபெற்றவளின் பத்தியக் குழம்புக்கு. ஒரு சேவல் சுகப்பிரசவத்துக்காகப் புனித அந்தோனியாருக்கு நேர்ந்துவிட்டது. மற்றவை விற்று மருத்துவச் செலவுக்கு. ஒவ்வொரு கோழிக்கும் அவர் மனத்தில் ஒரு கணக்கு இருந்தது.

மார்ச் மாதத்தில் ஒரு விடியற்காலை அவர் எங்கள் வாசலில் வந்து நின்றார்.

“ஐயா, கோழி ரெண்டு கொர்ருன்னு இழுக்குது. வாயத் தொறந்து தொறந்து மூடுது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு போவட்டுமா?”

அன்றுதான் அவருக்கு உப்பளத்தில் மீண்டும் வேலை கிடைத்திருந்தது. “ஒரு நாள் கூலியை ஏன் விடுகிறாய், தங்கச்சி? எங்கள் கோழிகளுக்கு வந்ததும் இதே சளிதான். இதைக் கொடுத்துப் பார்” என்று மீதமிருந்த நான்கு மாத்திரைகளைக் கொடுத்தனுப்பினோம். படித்தவர்கள் சொன்னார்கள் என்று அவரும் நம்பிப் போனார். மருந்தகத்துக்குப் புறப்பட்ட ஒருவரை வழிமறித்துத் திருப்பியவர்கள் நாங்கள்.

மூன்றாம் நாள் கோழிகள் வெளிர்பச்சையாய்க் கழிந்தன. நான்காம் நாள் ஒன்றின் கழுத்து முறுக்கிக்கொண்டது. இன்னொன்று சிறகு தொங்க ஒரே இடத்தில் வட்டமிட்டது. ஒரு வாரத்துக்குள் பதினொன்றில் ஒன்பது மாண்டன. நேர்ந்துவிட்ட சேவலும் போயிற்று. அதற்குள் எங்கள் கொல்லையிலும் அதே குறட்டை, அதே கழிச்சல். எங்கள் பன்னிரண்டில் ஏழு இறந்தன. அதன் பின்னரே, இறந்த கோழி ஒன்றைப் பையிலிட்டு, அவரையும் அழைத்துக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் சென்றோம்.

மருத்துவர் இளைஞர். எங்களைக் கடிந்துகொள்ளவில்லை, வரிசையாகக் கேள்விகள் கேட்டார். பிறகு இறந்த கோழியை அறுத்துப் பார்த்து, இரைப்பையின் உட்புறத்திலிருந்த இரத்தப் புள்ளிகளைக் காட்டி, இது ராணிக்கேத் என்னும் வெள்ளைக் கழிச்சல் நோயாகவே தெரிகிறது என்றார். கழுவெளிக்கு வலசைப் பறவைகள் வரும் பகுதியாதலால், பறவைக் காய்ச்சல் இல்லை என்று உறுதி செய்துகொள்வதற்காக மாதிரிகளை ஆய்வகத்துக்கும் அனுப்பினார். 2021-இல் பறவைகள் சரணாலயமாகவும் 2024-இல் ராம்சர் ஈரநிலமாகவும் அறிவிக்கப்பட்ட அந்தக் கழுவெளியைப் பறவை பார்க்கும் இடமாக மட்டுமே நாங்கள் அறிந்திருந்தோம். கோழிகள் கூட்டமாய் இறந்தால் உடனே தெரிவிப்பது ஊருக்குச் செய்யும் கடமை என்பதை அன்றுதான் உணர்ந்தோம். சில நாட்களில் வந்த முடிவு ராணிக்கேத் என்பதை உறுதி செய்தது.

ஆசிரியர்களாயிருந்த நாங்கள் அன்று மாணவர்களானோம். அவர் சொன்னவற்றை, வாசக அன்பர்களுக்கும் பயன்படும் என்று கருதி, இங்கே குறிக்கிறோம்.

கோழியின் குறட்டை ஒரு நோயன்று. பல நோய்களின் பொதுக்குரல். ராணிக்கேத், தொற்று மூச்சுக்குழல் அழற்சி ஆகியவை வைரசால் வருபவை. முகம் வீங்கி மூக்குநீர் நாறும் கொரைசா பாக்டீரியாவால் வருவது. நாட்பட்ட சுவாச நோய் எனப்படும் சி.ஆர்.டி., மைக்கோபிளாஸ்மா என்னும் மிகச்சிறிய பாக்டீரியாவால் வருவது. ஈரமும் எச்சத்தின் அமோனியா நெடியும் மூச்சுக்குழலைப் புண்ணாக்கி இவற்றுக்கு வாசல் திறக்கின்றன. ஆன்ட்டிபயாட்டிக் மருந்துகள் பாக்டீரியாவையே தாக்கும்; வைரசை ஒன்றும் செய்யா. பாக்டீரியாவிலும் எல்லா மருந்தும் எல்லாவற்றுக்கும் ஆகா. பென்சிலின் வகை மருந்துகள் பாக்டீரியாவின் செல்சுவரைத் தாக்குபவை. மைக்கோபிளாஸ்மாவுக்குச் செல்சுவரே இல்லை. டைலோசின், டெட்ராசைக்ளின் வகை மருந்துகள் அதனை அடக்கும், ஆயினும் வேரறுப்பதில்லை. குணமானதாய்த் தோன்றும் கோழி நோயைச் சுமந்துகொண்டே திரியும். முட்டை வழியாகக் குஞ்சுக்கும் கொடுக்கும்.

அப்படியாயின் டிசம்பரில் எங்கள் கோழிகளைக் காப்பாற்றியது எது? “சி.ஆர்.டி.யாக இருந்திருக்கலாம்; மருந்து உதவியிருக்கலாம். வெயிலும் உலர்ந்த தரையும் மட்டுமே உதவியிருக்கவும் கூடும். உறுதியாகச் சொல்ல வழியில்லை” என்றார். நோயுற்ற கோழி நீர் குறைவாகவே அருந்தும்; எனவே பொதுப் பானையில் கரைத்த மருந்து பெரும்பாலும் நலமாயிருப்பவற்றின் வயிற்றுக்கே போகும். கால்சியமும் மக்னீசியமும் மிகுந்த உவர்நீரில் டெட்ராசைக்ளின் வகை மருந்து அவற்றோடு பிணைந்துகொண்டு, உடலில் சேர்வது குறைந்துவிடும். எங்கள் கிணற்றுநீரின் சுவையை மரக்காணத்தார்க்குச் சொல்ல வேண்டியதில்லை. எடை பாராமல், அளவு அறியாமல், நாட்கணக்கு இல்லாமல் நாங்கள் செய்தது மருத்துவம் அன்று, கிருமிகளுக்குப் பயிற்சி.

அலெக்சாண்டர் பிளெமிங் 1928-இல் பென்சிலினைக் கண்டறிந்தவர். 1945 டிசம்பரில் நோபல் பரிசு ஏற்று ஆற்றிய உரையிலேயே அவர் இதனைக் கற்பனைக் கதையாக எச்சரித்திருக்கிறார். தொண்டை வலிக்குத் தானே பென்சிலின் வாங்கி அரைகுறையாய் உண்ட ஒருவர், கிருமியைக் கொல்லாமல் மருந்துக்குப் பழக்கிவிடுகிறார். அது அவருடைய மனைவியைத் தொற்றுகிறது, அவருக்கோ அம்மருந்து பலிப்பதில்லை, அவர் இறக்கிறார். தவறு ஒருவருடையது, தண்டனை மற்றவருக்கு. எங்கள் தகரப்பெட்டியில் எட்டு மாத்திரைகள் ஏன் மீந்தன என்ற கேள்வியை அதன் பிறகே கேட்டுக்கொண்டோம். மனிதர்க்கு இறுதிக் கட்டத்தில் உதவும் கொலிஸ்டின் என்னும் மருந்தை உணவுக்கான விலங்குகளுக்குப் பயன்படுத்துவதை 2019 ஜூலையில் நடுவண் அரசு தடைசெய்தது இந்த அச்சத்தால்தான்.

இறுதியில் மருத்துவர் அந்த அம்மையாரை நோக்கி, “மருந்து வைத்த நாட்களில் கோழி இட்ட முட்டைகளை யார் சாப்பிட்டார்கள்?” என்று கேட்டார்.

“பொண்ணுக்குத்தான் வேவ வச்சுக் குடுத்தேன். மாசமா இருக்கறவளாச்சே” என்றார் அவர்.

அறையில் சற்றுநேரம் பேச்சில்லை. மருந்துண்ட கோழியின் முட்டையிலும் இறைச்சியிலும் அம்மருந்து சில காலம் தங்கியிருக்கும். மருந்துக் குப்பியில் வேறு கால அளவு குறிக்கப்படாவிடில், முட்டைக்குக் குறைந்தது 7 நாட்களும் கோழி இறைச்சிக்குக் குறைந்தது 28 நாட்களும் விலக்க வேண்டும் என்பது 2012-இல் வந்த விதி. டெட்ராசைக்ளின் வகை மருந்துகளோ கருவுற்ற பெண்களுக்குப் பொதுவாகத் தவிர்க்கப்படுபவை. முட்டையில் தங்கும் அளவு மிகச் சிறிதே. அஞ்ச வேண்டாம், பேறுகால மருத்துவரிடம் ஒரு சொல் சொல்லிவையுங்கள் என்று மருத்துவர் தேற்றினார். குழந்தை ஏப்ரலில் நலமாகவே பிறந்தது. ஆயினும் அந்தச் சில வாரங்கள் எங்கள் வீட்டில் இரவு செபத்தின்போது எவரும் எவர் முகத்தையும் நேராகப் பார்க்கவில்லை.

ராணிக்கேத் நோய்க்கு மருந்தில்லை, தடுப்பு உண்டு. 1926-இல் இங்கிலாந்தின் நியூகாசில் நகரருகே கண்டறியப்பட்ட அந்நோய், அதற்கடுத்த சில ஆண்டுகளுக்குள் குமாவோன் மலைப்பகுதியிலுள்ள ராணிக்கேத்தில் காணப்பட்டு நம் நாட்டில் அவ்வூர்ப் பெயரைப் பெற்றது. அதே மலைப்பகுதியின் முக்தேசுவரத்தில்தான் 1940-களில் இதற்கான தடுப்பூசியும் உருவாயிற்று. குஞ்சு பொரித்த ஏழாம் நாளையொட்டிக் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு. எட்டாம் வாரத்தில் இறக்கையடியில் ஆர்.டி.வி.கே. எனப்படும் ஊசி. தமிழகத்தில் ஆண்டுதோறும் பிப்ரவரி மாதத்தில் கால்நடைப் பராமரிப்புத் துறையினர் இதற்கென இருவார முகாம் நடத்தி இலவசமாகவே போடுகின்றனர். எங்கள் தெருவுக்கும் வந்தார்கள். “நாட்டுக்கோழிக்கு ஊசி எதற்கு? அதன் உடம்பே இரும்பு” என்று சொல்லி அனுப்பியவர்களும் நாங்களே. எங்கள் சொல்லைக் கேட்டு அந்த அம்மையாரும் பஞ்சாரத்தைத் திறக்கவில்லை.

அவரிடம் பணம் கொடுக்கச் சென்றோம், வாங்கவில்லை. “வேணும்னா செஞ்சீங்க? நல்லது நெனச்சுத்தானே குடுத்தீங்க” என்றார். நல்லெண்ணம் என்ற அந்தச் சொல் எங்களுக்கு ஆறுதலாயில்லை. நல்லெண்ணத்தோடு அறியாமையும், அறியாமையோடு படித்தவர் என்ற மதிப்பும் சேர்ந்தால் அது பிறர் கூரையில் எவ்வளவு எளிதாய்த் தீ வைத்துவிடுகிறது! தன் குஞ்சுகளைச் சிறகுக்குள் கூட்டிச் சேர்க்கும் கோழிக்கு ஆண்டவர் தம்மை ஒப்பிட்டதை எத்தனை முறை மறைக்கல்வி வகுப்பில் விளக்கியிருப்போம்! காப்பாற்றுவதற்கு அன்பு மட்டும் போதாது, விழித்திருப்பதும் வேண்டும் என்பதைக் கோழி அறியும்; நாங்கள் அறியவில்லை.

பணத்தை மறுத்தவர், சில மாதங்களுக்குப் பின் தடுப்பூசி போட்ட ஆறு விடைக்கோழிகளையும் ஒரு சேவலையும் மட்டும் வாங்கிக்கொண்டார். அதற்கு முன் இரு வீட்டுக் கொல்லையையும் சுத்தம் செய்து, சுண்ணாம்பு தெளித்துக் காயவிட்டோம். இறந்தவற்றைக் கால்வாயில் எறியாமல் ஆழக் குழிதோண்டிச் சுண்ணாம்பிட்டுப் புதைத்திருந்தோம். தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில், காற்றோட்டமாய், மழைச்சாரல் புகாதபடி இரு கூண்டுகள் செய்தோம். ஒன்று அவருக்கு. ஒரு கோழி மூச்சிழுத்தால் முதலில் அதனைத் தனியே பிரிக்கிறோம். பிறகு மருத்துவரை நாடுகிறோம். மருந்து வேண்டுமென்று அவர் சொன்னால், சொன்ன அளவில், சொன்ன நாள்வரை கொடுக்கிறோம். முட்டைகளைக் கணக்கு வைத்து விலக்குகிறோம்.

இப்போது முகாம் நாள் வந்தால் எங்களுக்கு முன்னே நினைவூட்டுபவர் அந்த அம்மையாரே. முதல்நாள் மாலையே வீடுவீடாகச் சென்று, “காத்தால கோழியத் தெறந்து வுட்டுடாதீங்க, ஊசி போட வர்றாங்க” என்று சொல்லி வருகிறார். சேவலை வளர்த்து, பேரனைத் தூக்கிக்கொண்டு போய், அந்தோனியாருக்கு நேர்ந்ததையும் செலுத்திவிட்டார். அலமாரியிலுள்ள தகரப்பெட்டியில் இப்போது மாத்திரை எதுவும் மீந்திருப்பதில்லை. தாயாருக்கு எழுதிக் கொடுப்பதை எழுதிய நாள்வரை எண்ணிக் கொடுக்கிறோம். எவரேனும் எங்களிடம் மருந்து கேட்டு வந்தால், மருந்தகத்துக்கு வழி சொல்கிறோம். முடிந்தால் உடன் செல்கிறோம்.