விளக்கை மூடும் ஊர்

மொன்ட்ரியாலில் எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் "போன்ஜூர்-ஹாய்!" என்கிறார்கள். இரண்டு மொழி, ஒரே மூச்சு. நாம் எதைப் பிடித்துக்கொள்கிறோமோ அதிலேயே வியாபாரம் நடக்கும். எனக்கு அது இனித்தது. இந்த ஊர் இருக்கும் கனடாவின் கியூபெக் மாகாணச் சட்டமன்றத்துக்குக் கசந்திருக்கிறது. 'போன்ஜூர்' மட்டும் போதும் என்று கடைக்காரர்களைக் கேட்டுக்கொள்ளும் தீர்மானத்தை 2017-இல் ஒருவர்கூட எதிர்க்காமல் நிறைவேற்றினார்கள். வணக்கம் சொல்வதற்கு ஒரு தீர்மானம்! நான் போன கடைகளில் 'ஹாய்' அசைந்து கொடுக்கவில்லை.

1977-இல் வந்த 101-ஆவது சட்டம் அலுவலகம், பள்ளிக்கூடம், பெயர்ப்பலகை எல்லாவற்றிலும் பிரெஞ்சை முன்னே நிறுத்தியது. பிரான்ஸ் நாட்டுத் தெருமுனையின் சிவப்புப் பலகையில் 'ஸ்டாப்' என்றிருக்கும், இங்கே 'அரே'. பாரிஸ்காரர் சனி ஞாயிறை 'வீக்கெண்ட்' என்பார், வண்டியைப் 'பார்க்கிங்'கில் விடுவார். இவர்களுக்கு அது 'ஃபேன் து ஸ்மேன்', 'ஸ்தாஸியோன்மான்'. பாரிஸிலும் கே.எஃப்.சி.யாக இருக்கும் கோழிக்கடை இங்கே 'பே.எஃப்.கா.'

இவ்வளவு காவல் இருந்தும், 'மெர்சி' என்று நான் சொன்னதற்கு வந்த பதில் என்னைத் திகைக்க வைத்தது. பாரிஸில் என்றால் 'து ரியென்', ஒன்றுமில்லை என்பார்கள். இங்கே 'பியென்வென்யூ', நல்வரவு! நன்றிக்கு ஆங்கிலக்காரர் சொல்லும் 'வெல்கம்'தான், பிரெஞ்சு உடுப்பு மாட்டிக்கொண்டு காவலர் முன்னாலேயே நடந்து போயிருக்கிறது.

எதிர்த்திசையிலும் இந்தப் போக்குவரத்து உண்டு. சேன் லொரான் பெருவீதிக்குக் கிழக்கே பிரெஞ்சு, மேற்கே ஆங்கிலம் என்பது ஊரின் பழைய கணக்கு. நான் தங்கியது மேற்கே, ஓர் ஆங்கிலப் பாட்டியின் வீட்டு மாடியில். பிரெஞ்சு தனக்கு ஒரு வரிகூட வராது என்று சாதிப்பார். ஆனால் பால் வாங்க அவர் போவது 'டெப்'புக்கு. அவசரத்துக்குக் கைகொடுப்பவர் என்று பொருள்படும் 'தெபானர்' என்ற பிரெஞ்சுச் சொல்லின் குறுக்கம் அது. மூலைக்குமூலை இருக்கும் சின்னக் கடைக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் எனக்குத் தோன்றவில்லை.

இரவு மாடியேறும்போது கீழிருந்து குரல் வந்தது: "க்ளோஸ் த லைட், டியர்!" விளக்கை மூட வேண்டுமாம். ஆங்கிலத்தில் விளக்கை யாரும் மூடுவதில்லை. மூடுவதும் திறப்பதும் கியூபெக் பிரெஞ்சுக்காரரின் வழக்கம். மறுநாள் காலை சமையலறை இருட்டாக இருக்கிறது, விளக்கைத் திற என்றார். திறந்தேன்.