வாடை

மனிதன் தன்னைப்பற்றி அறியாதவற்றுள் தலையாயது தன் மணமே என்பது என் எண்ணம். தன் முகத்தைக் கண்ணாடியிற் காண்கிறான். தன் குரலை ஒலிப்பதிவிற் கேட்டு நாணுகிறான். மணத்தைக் காட்டும் கண்ணாடி மட்டும் அவனுக்கு வாய்க்கவில்லை. இவ்வுண்மையை நான் கற்றது, வன்னிக் காட்டோரத்து வயலொன்றிற் பன்றிக்குக் காவலிருந்த என் மாமாவின் பழஞ்சட்டை ஒன்றிலிருந்தாகும்.

நெடுங்கேணிக்கு அண்மையிலுள்ள சிற்றூர் ஒன்றில் மாமாவுக்கு மூன்று ஏக்கர் வயல் இருந்தது. வயலின் வடகிழக்கே அடர்காடு, தென்மேற்கு மூலையில் ஒரு பாலைமரம், அம்மரத்திற் பரண். குறிஞ்சித்திணைப் பாடல்களில் தினைப்புனங் காப்போர் ஏறியிருக்கும் இதணத்தைப் படித்தபோதெல்லாம் எனக்கு அந்தப் பரணே நினைவுக்கு வரும். காலபோக நெல் பால் பிடிக்கும் தைமாதத்திற் காட்டுப்பன்றிகள் இறங்கும். அவற்றின் கண் மந்தம். மூக்கோ மிகக் கூரியது. ஆகவே மாமாவின் வேட்டை, துவக்கை எடுப்பதற்கு மூன்று நாள் முன்னதாக, உடுப்பைக் கழுவுவதிலேயே தொடங்கும்.

சாரத்தையும் சட்டையையும் அடுப்புச் சாம்பல் கரைத்த நீரில் அவித்துக் குளத்தில் அலசுவார். சவர்க்காரம் தொடமாட்டார். வீட்டுக் கொடியிற் போட்டால் குசினிப் புகையும் தாளித மணமும் ஏறும் என்று குளக்கட்டின் நொச்சிப் பற்றைமீது விரித்து உலர்த்துவார். பின்னர் நொச்சிக் குழையோடு ஓலைப்பெட்டியில் இட்டு மூடுவார். அம்மூன்று நாளும் சுருட்டில்லை, கருவாடில்லை, தலைக்கு எண்ணெயில்லை. பெட்டியைச் சுமந்துசென்று, வயலோரத்திற் கால்கை கழுவிய பின்னரே அவ்வுடுப்பை அணிவார். மாமி இதனை, "மாமாவின்ரை விரதம்" என்று கேலிசெய்வார்.

1974ஆம் ஆண்டுப் பொங்கல் விடுமுறைக்கு யாழ்ப்பாணத்து விடுதியிலிருந்து நான் அங்கு சென்றிருந்தேன். எனக்கு வயது பதினான்கு. முந்திய ஆண்டின் இறுதியிற் பங்கீட்டரிசி குறைக்கப்பட்டிருந்தது; நெல்லின் பெறுமதியை வீட்டுக்கு வீடு உணர்ந்திருந்த காலம். அவ்வயலில் ஒரு பங்கு, கடனாக வாங்கிய விதைநெல்லைத் திருப்பிக் கொடுப்பதற்கென ஏலவே ஒதுக்கப்பட்டிருந்தது. பரணுக்குத் தானும் வருவேன் என்று அடம்பிடித்த மருமகனை மாமாவால் மறுக்க இயலவில்லை. நான் சந்தனச் சவர்க்காரமிட்டு நீராடி, தலைக்கு எண்ணெய் பூசி, மினுக்கிய வெள்ளைச் சேட்டோடு புறப்பட்டேன். மாமா என்னைச் சற்றே பார்த்தார்; ஒன்றும் சொல்லவில்லை.

நள்ளிரவு கடந்து, காட்டோரம் சருகுகள் சரசரத்தன. வாடை எம் முகத்தில் வீசிக்கொண்டிருந்தது. எல்லாம் எமக்குச் சாதகமாகவே தோன்றிற்று. ஆயின் பன்றி நேரே வருவதில்லை. வயலைச் சுற்றி வளைத்து, காற்று சென்று சேரும் பக்கத்திலே நின்று மூக்கை உயர்த்துவது அதன் இயல்பு. எமக்குப் பின்னாலிருந்து ஓர் உறுமல், பின்னர் பற்றைகள் முறியும் ஓசை, பின்னர் அமைதி. மாமா துவக்கைத் தாழ்த்தினார்.

"தம்பி, உனக்கு மணக்கேல்லை. அதுக்கு மணந்திட்டுது."

அவ்வளவுதான் சொன்னார். மறுநாள் பரண் வெறிதாக இருந்தது. உடுப்பை மீண்டும் பக்குவப்படுத்த நாள் வேண்டுமென்று மாமா வீட்டிலேயே இருந்துவிட்டார். அன்றிரவு பன்றிகள் இறங்கின. விடிந்தபோது, விதைநெற் கடனுக்கென ஒதுக்கிய பங்கு உழுது போட்டாற்போற் கிடந்தது. மாமாவின் உடுப்பு மட்டும் பரணில் இருந்திருந்தால் பன்றி அணுகியிருக்கும் என்று யாராலும் அறுதியிட்டுக் கூறவியலாது. காற்றைப் பார்ப்பதே முதல் விதி, உடுப்பு அதற்கடுத்ததே என்று அவரே சொல்வார். எனினும் அக்காலைப்பொழுதில் என் சேட்டின் சந்தன மணம் எனக்கே முதன்முறையாக நாறிற்று.

பின்னாளிற் படித்த அறிவியல் மாமாவின் விரதத்துக்கு விளக்கந் தந்தது. புதிய வியர்வைக்கு ஏறக்குறைய மணமே இல்லை. தோலில் வாழும் பற்றீரியாக்கள் அதனைச் சிதைக்கும்போதே மணம் பிறக்கின்றது. துணியின் இழைகள் அதனைப் பற்றிக்கொள்கின்றன. சவர்க்காரம் அதனை அகற்றினாலும் தன் வாசனையை அவ்விடத்தில் வைத்துவிட்டுச் செல்கிறது. மணமறியும் வாங்கிகளுக்குரிய பரம்பரையலகுகளை 1991இல் வெளிப்படுத்திய லிண்டா பக், றிச்சாட் அக்செல் இருவரும் 2004இல் நோபல் பரிசு பெற்றனர். அத்தகைய பரம்பரையலகுகளுள் தொழிற்படுவன மனிதனிடம் ஏறத்தாழ 400. பன்றியிடமோ ஆயிரத்துக்கு மேல். இடைவிடாது வரும் மணத்தை எம் மூக்கு விரைவில் மறந்துவிடுவதால், எம் மணம் எமக்கே முதலில் இல்லாததாகின்றது. எந்தக் கழுவலும் அதனை முற்றாக அழிப்பதில்லை, குறைக்கத்தான் முடியும்.

எமது மொழியில் வாடை என்பது வடகாற்றுக்கும் பெயர், மணத்துக்கும் பெயர். ஒன்று மற்றொன்றைச் சுமந்து செல்வதை அப்பரணில் அறிந்தேன். அறிந்தபின், ஒரு கூட்டத்தினுட் புகுமுன் என்னிடமிருந்து எது முன்னே செல்கிறது என்று எண்ணும் வழக்கம் எனக்கு வந்தது. கல்வியும் பதவியும் ஊர்ப்பெருமையும் சந்தனச் சவர்க்காரம் போன்றவையே. பூசிக்கொண்டவனுக்கு அவை மணப்பதில்லை. எதிரே நிற்பவன் விலகிப்போன பின்னரே காரணம் தேடுகிறோம்.

போர் வந்தது. துவக்கும் போயிற்று, வயலும் காடாயிற்று. இடம்பெயர்ந்த ஊரொன்றிற் காய்ச்சல் கண்டு மாமா மறைந்தார். 2009இற் போர் முடிந்து, மறு ஆண்டு முகாமிலிருந்து மீண்ட மாமியைத் தகரக்கொட்டில் ஒன்றிற் கண்டேன். எத்தனையோ இடப்பெயர்வுகளில் எவற்றையோ கைவிட்டவர், அந்த ஓலைப்பெட்டியை மட்டும் கொண்டுவந்திருந்தார். திறந்து காட்டினார்: சாம்பல் நிறமேறிய அதே சட்டை.

"அவரின்ரை மணம் இதிலை ஒண்டும் இல்லைத் தம்பி. எல்லாத்தையும் தானே கழுவிப்போட்டார். பன்றிக்கு மறைச்சது எனக்கும் இல்லாமல் போச்சுது."

நான் சட்டையை முகத்தருகே கொண்டுசென்றேன். சாம்பல், உலர்ந்த நொச்சி, பழைய ஓலை. பன்றிகள் அதனைக் காடென்று எண்ணியிருக்கக்கூடும். எனக்கோ அது பரணில் அருகிருந்த மாமாவின் தோள். சட்டையை மாமியிடம் நீட்டி, "இதுதான் மாமி அவற்றை மணம்" என்றேன்.

அவர் நெடுநேரம் அதனை முகத்தில் வைத்திருந்தார். பின்னர் மடித்துப் பெட்டியில் இட்டு, மூடியை இறுக அழுத்தினார்.