ஈரம் காயாத அச்சு



நேற்றுப் பின்னேரம் எங்கள் வளவில் தரம் 10 பிள்ளைகளோடு அலுமினியம் உருக்கினோம்.

சமனலவெவ மலைச்சரிவுகளில் 1,000 வருடங்களுக்கு முன்பே, நாம் கச்சான் என்கிற அதே பருவக்காற்றை உலைக்குள் விட்டு உருக்கு எடுத்தார்கள். 1996இல் 'நேச்சர்' இதழில் அது வெளிவந்தது. வகுப்பில் இதைச் சொன்னதும் பிள்ளைகளுக்கு ஆசை வந்துவிட்டது.

பழைய இரும்பு வாளிக்குள் களிமண்ணும் மணலும் பூசி, நன்றாகக் காயவிட்டு, சிரட்டைக்கரி போட்டுக் காற்றடித்தோம். 660 பாகையில் உடைந்த சட்டித்துண்டுகள் உருகின.

ஆனால் மணல் அச்சின் ஈரத்தை நாங்கள் சரியாகப் பார்க்கவில்லை. ஊற்றியதும் ஈரம் ஆவியாகி உலோகத்தைத் தூக்கியடித்தது. ஒரு துளி ஒரு பிள்ளையின் சப்பாத்தில் விழுந்தது. செருப்போடு நின்றிருந்தால் கால் வெந்திருக்கும். அல்ஹம்துலில்லாஹ்.

இரவே அவன் வீட்டுக்குப் போய், பிழை எங்களுடையது என்றோம். அவன் உம்மா சொன்னார்: "வாப்பா வலைக்கு ஈயம் உருக்கக்குள்ளயும் புள்ளையள் பக்கத்துலதானே சேர் நிக்கிதுகள்."

அந்தச் சொல்தான் தூங்கவிடவில்லை. ஈயம் 327 பாகையிலேயே உருகும், அடுப்படியே போதும். அதனால்தான் நமக்குப் பயமில்லை. ஆனால் அதன் புகையும் தூசியும் பிள்ளைகளின் மூளையைக் கெடுக்கும்.

கடலுக்குப் போகும் சகோதரர்களே, வெளியில் வைத்து உருக்குங்கள். அச்சு காய்ந்திருக்கட்டும். அந்தச் சட்டியில் சமைக்க வேண்டாம். பிள்ளைகள் தூரத்தில் நிற்கட்டும்.

நாங்களும் அடுத்தமுறை அச்சை முதலில் பார்ப்போம், இன்ஷா அல்லாஹ்.