மிளகு உதிர்த்துக்கொண்டே ஒரு சீரியல்

கொல்லிமலை செம்மேட்டில் அத்தை வீட்டில் டிவியைப் பார்ப்பதைவிடக் கேட்பதுதான் அதிகம். தை, மாசியில் கண்ணும் கையும் மிளகு உதிர்ப்பதில் இருக்கும். காது மட்டும் சீரியலில். 2022 பிப்ரவரியில் 'எதிர்நீச்சல்' சீரியல் தொடங்கியதிலிருந்து அதில் வரும் ஆதி குணசேகரனை அங்கே வைத வசவுகளை இங்கே எழுத முடியாது. 2023 செப்டம்பர் 8 அன்று அந்த வேடத்தில் நடித்த மாரிமுத்து இறந்தபோது அழுததும் அதே ஆட்கள்தான்.

அந்த வேடத்துக்கு வேல ராமமூர்த்தி வந்தார். எழுத்தாளர், மீசையிலேயே மிரட்டக்கூடியவர். அத்தை ஏற்கவில்லை.

"அவரு 'ஏய், இந்தாம்மா'ன்னா பயமும் வரும், சிரிப்பும் வரும். இவருகிட்ட பயம் மட்டுந்தான் கண்ணு."

கேட்டே பழகிய காது அது. குணசேகரனின் பாதி நடிப்பு குரலில் இருந்தது என்று விமர்சனம் எழுதுகிறவர்கள் யாரும் இவ்வளவு சுருக்கமாகச் சொல்லி நான் படித்ததில்லை.

கதையின் மேலும் அத்தைக்கு ஒரு புகார் உண்டு. படித்த மருமகள்கள் வேலைக்குப் போகலாமா என்று குணசேகரன் வீட்டில் மாதக்கணக்கில் சண்டை. "இதுக்கா இத்தனை அழுகை? நம்ம மலையில பொம்பளை காட்டுக்குப் போகலேன்னா அடுப்பு எரியுமா?"