தலையணைக் கணக்கு

மொழியியல் படித்தவன் என்னும் செருக்கோடுதான் தில்லி மருத்துவமனையொன்றில் அப்பாவுக்கு மொழிபெயர்ப்பாளனாக நின்றேன். "படுத்தா மூச்சு முட்டுது" என்றார் அப்பா. 'ஸான்ஸ் பூல் ரஹீ ஹை' என்று இந்தியில் சொன்னேன். மாடி ஏறி மூச்சு வாங்குவதற்கும், ஆஸ்துமாவில் இரைப்பதற்கும் அதே தொடர்தான். 'படுத்தா' என்ற நிபந்தனை எச்சத்தை நான் விட்டுவிட்டேன். ஏட்டில் 'ஆஸ்துமா?' என்று ஏறியது.

இரவுப் பணிக்கு வந்த செவிலியர் மலையாளி. நாடி பார்ப்பவர்போல் அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்தபடி, பார்வையை மார்பின்மேல் வைத்து, ஒரு நிமிடம் முழுக்க மூச்சை எண்ணினார்: 28. ஓய்விலிருக்கும் பெரியவர்களுக்கு 12 முதல் 20 வரை இயல்பு. எண்ணுவது தெரிந்தால் நோயாளியின் மூச்சே மாறிவிடுமாம். (லபோவ் சொன்ன 'உற்றுநோக்குபவர் முரண்' பற்றித் தேர்வில் நான்கு பக்கம் எழுதியவன் நான்.)

பிறகு என்னை விட்டுவிட்டு அப்பாவிடமே தம் தமிழில் கேட்டார்: "அச்சா, உறங்க எத்தனை தலகாணி வேணும்?"

அப்பா மூன்று விரல் காட்டினார்.

"போன மாசம்?"

ஒரு விரல்.

கணுக்காலை அழுத்தினார், விழுந்த குழி எழவில்லை. படுக்கும்போது கால்களில் தேங்கிய நீர் நெஞ்சுக்குத் திரும்புகிறது; தளர்ந்த இதயத்தால் அதை இறைத்துத் தள்ள முடிவதில்லை; நுரையீரலில் நீர் கோத்துக்கொள்கிறது. கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்திவிட்டு, மருத்துவரை அழைக்க விரைந்தார்.

அப்பா இப்போது ஊரில் இருக்கிறார். தினமும் காலையில் எடை பார்த்துச் சொல்வார். இரவில் நான் அழைத்து ஒன்று மட்டும் கேட்பேன்.

"ஒண்ணுதாண்டா" என்கிறார்.