சீட்டின் இரண்டு பக்கங்கள்

விழுப்புரம் ஜங்ஷனில் அப்போது ஒரு எடை மெஷின் இருந்தது. ஏறி நின்றால் சிவப்பும் பச்சையுமாக பல்புகள் மினுக்கும், கண்ணாடிக்குள் ஒரு சக்கரம் சுற்றும். அது நின்ற பிறகு காசு போட்டால் டக்கென்று ஒரு அட்டைச் சீட்டு விழும். ஒரு பக்கம் எடை, மறுபக்கம் ஜோசியம். லீவுக்கு பாட்டி ஊருக்குப் போகும்போதெல்லாம் அப்பா எங்கள் இரண்டு பேருக்கும் காசு தருவார். நான் ஜோசியத்தைச் சத்தமாகப் படிப்பேன். அக்கா எடைப் பக்கத்தை உள்ளங்கையில் மூடிக்கொள்வாள். ஒருமுறை மாமா அதைப் பிடுங்கி, பிளாட்பாரத்தில் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி வாசித்துவிட்டுச் சிரித்தார். அக்காவுக்குப் பதிமூன்று வயது. அதற்குப் பிறகு அவள் அந்த மெஷினில் ஏறவே இல்லை.

நான் ஒல்லி. “எவ்வளவு தின்னாலும் இவன் உடம்புல ஒட்டாது” என்று அம்மா அலுத்துக்கொள்வாள். அதை நான் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன். அலுவலக மருத்துவ முகாமில் உயரம் 168 சென்டிமீட்டர், எடை 63 கிலோ என்று குறித்து, பி.எம்.ஐ. 22.3 என்று பச்சைக் கட்டத்தில் போட்டுக் கொடுத்தார்கள். அப்பாவுக்குச் சர்க்கரை நோய் இருந்தது. நாற்பது தாண்டியதும் ரத்தம் கொடுத்துப் பார்த்திருக்க வேண்டும். பச்சைக் கட்டத்தைப் பார்த்துப் பார்த்தே மூன்று வருஷம் தள்ளிப் போட்டேன்.

செருப்புக் கடித்த புண் மூன்று வாரமாக ஆறாமல் இருந்தபோதுதான் போனேன். வெறும் வயிற்றில் 186. மூன்று மாத சராசரி 9.1.

“சார், என் பி.எம்.ஐ. நார்மல் சார்” என்றேன், ஏதோ மார்க் ஷீட்டில் தப்பு நடந்துவிட்டது போல.

டாக்டர் மேஜை டிராயரிலிருந்து இஞ்ச் டேப்பை எடுத்து என் வயிற்றைச் சுற்றிப் பிடித்தார். 94 சென்டிமீட்டர். “நம்ம ஆம்பளைங்களுக்கு 90 தாண்டக் கூடாது. கை கால் குச்சியா இருக்கு, வயிறு மட்டும் முன்னாடி வந்திருக்கு. எடை மெஷினுக்கு இது எப்படித் தெரியும்?”

வீட்டுக்கு வந்து தேடித் தேடிப் படித்தேன். கிலோவில் எடை, மீட்டரில் உயரம். உயரத்தை உயரத்தால் பெருக்கி, வந்ததால் எடையை வகுத்தால் பி.எம்.ஐ. இந்தக் கணக்கைக் கண்டுபிடித்த அடால்ஃப் கெட்லே மருத்துவர் இல்லை, பெல்ஜியத்து வானியலாளர். 1830களில் ‘சராசரி மனிதன்’ எப்படியிருப்பான் என்று தேடிக்கொண்டிருந்தவர். உயரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப எடை கூடுகிறது என்று கவனித்தார். யார் குண்டு, யாருக்கு நோய் வரும் என்பதெல்லாம் அவர் கேள்வியே இல்லை. 1972இல் அமெரிக்க ஆய்வாளர் ஆன்செல் கீஸும் குழுவினரும் ஐந்து நாடுகளைச் சேர்ந்த ஏழாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் அளவுகளை ஒப்பிட்டு, இருக்கிற எளிய கணக்குகளில் இதுவே தேவலை என்று சொல்லி இன்றைய பெயரை வைத்தார்கள். அந்த ஏழாயிரம் பேரும் ஆண்கள்.

2004இல் லான்செட் இதழில் ஒரு பக்கக் கட்டுரை வந்தது. புனேவைச் சேர்ந்த மருத்துவர் யாஜ்னிக், லண்டனைச் சேர்ந்த மருத்துவர் யுட்கின். பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் புகைப்படம். இரண்டு பேருக்கும் பி.எம்.ஐ. 22.3. யுட்கினின் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. என்னுடையதும் அதே 22.3 என்பதால் அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். நம்மவர்களுக்கு 23லிருந்தே கூடுதல் எடை என்று கோட்டைக் கீழே இறக்கியிருக்கிறார்கள். அந்தக் கோட்டுக்கும் நான் தப்பித்துவிடுவேன்.

அக்காவின் கதை நேர் எதிர். உயரம் 155, எடை 74. பி.எம்.ஐ. 30.8. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, எப்போதும் அசதி என்று இரண்டு வருஷம் டாக்டர்களிடம் அலைந்தாள். மெஷினில் ஏறச் சொல்வார்கள்; “வெயிட்ட குறைங்கம்மா, எல்லாம் சரியாயிடும்” என்பார்கள். அவளும் ராத்திரிச் சாப்பாட்டை விட்டாள். அசதி கூடியது. கடைசியில் ஒரு இளம் டாக்டர் அவள் கீழிமையை இழுத்துப் பார்த்துவிட்டு, “மாதவிலக்கு எத்தனை நாள்கா போகுது?” என்று கேட்டார். அதுவரை யாரும் கேட்காத கேள்வி. ஹீமோகுளோபின் 6.8. கர்ப்பப்பையில் கட்டிகள். ரத்தம் ஏற்றி, ஆபரேஷன் முடிந்த ஆறு மாதத்தில் அக்கா மாடிக்குப் போய்த் துணி காயப்போட்டாள். எடை அதே 74.

இதை வைத்து பி.எம்.ஐ. சுத்தப் பொய் என்று சொல்ல மாட்டேன். தேசியக் குடும்ப நல ஆய்வில் வீடு வீடாகப் போய் எடையும் உயரமும் எடுக்கிறார்கள். 18.5க்குக் கீழே எத்தனை பெண்கள் என்று எண்ணித்தான் எந்த மாநிலத்தில் பெண்கள் எந்த அளவு மெலிந்திருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்கிறோம். ஒரு தராசும் அளவுகோலும் போதும், ஊசி வேண்டாம், ஸ்கேன் வேண்டாம். லட்சக்கணக்கானவர்களைப் பார்க்க இதைவிட மலிவான வழி இல்லை. அக்காவின் விஷயத்திலும் அந்த 30.8 சும்மா சொல்லவில்லை. அதே இளம் டாக்டர்தான் அவளுக்கு பிரஷர் 150 இருப்பதையும் கண்டுபிடித்தார். எடை குறைந்தால் பிரஷருக்கும் முட்டிக்கும் நல்லது என்றார். அக்கா கோபப்படவில்லை. முதலில் உடம்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு, பிறகு சொன்னார் இல்லையா? இப்போது காலையில் நடக்கிறாள்.

அந்த ரயில்வே சீட்டு எனக்கு அடிக்கடி ஞாபகம் வருகிறது. எடை ஒரு பக்கம், ஜோசியம் மறுபக்கம் என்று தனித்தனியாகத்தான் அச்சடித்திருந்தார்கள். எடைப் பக்கத்தையே ஜோசியமாகப் படித்தது நாங்கள்தான். எனக்கு நல்ல காலம், அவளுக்குக் கெட்ட காலம்.

அக்கா திண்டிவனத்தில் வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறாள். இதையெல்லாம் அவளிடம் சொன்னபோது மெஷினை நிறுத்தாமலே கேட்டாள். “என்கிட்ட துணி குடுத்துட்டு, 60 கிலோ, தைச்சு வைன்னு எவளாவது சொன்னா தைக்க முடியுமாடா? எங்க எவ்வளவுன்னு அளவெடுக்கணும்ல.”

அதிலிருந்து போகும்போதெல்லாம் என் வயிற்றை அவளே அளந்து, கணக்கு நோட்டில் வாடிக்கையாளர் அளவுகளுக்கு நடுவே குறித்து வைக்கிறாள். போன மாதம் 91. டேப்பைச் சுற்றியதும் நான் லேசாக வயிற்றை உள்ளே இழுத்தேன்.

“மூச்ச விடுடா,” என்றாள். “எனக்குத் தெரியாத திருட்டுத்தனமா?”