புங்கம்பூ

பங்குனி பிறந்து பத்து நாள் ஆகிறது. காலையில் பால் பாக்கெட்டை எடுக்க வாசலுக்கு வந்தால், தெருவில் நிறுத்தியிருக்கும் என் கார் அடையாளம் தெரியவில்லை. இரவு கறுப்பாக இருந்தது. விடிந்ததும் வெள்ளையும் வெளிர் ஊதாவுமாகப் பொட்டு வைத்த புடவையைச் சுற்றிக்கொண்டு நிற்கிறது. வாசலில் இருக்கும் புங்கமரம் செய்த வேலை.

எங்கள் தெரு கே.கே. நகரின் உட்தெருக்களில் ஒன்று. 1970களில் வீட்டு வசதி வாரியம் செக்டார் செக்டாராகக் கோடு கிழித்து உண்டாக்கிய பேட்டை இது. பெரிய சாலைகளுக்கெல்லாம் பெரிய மனிதர்களின் பெயர். பி.டி. ராஜன் 1936-ல் சில மாத காலம் சென்னை மாகாணத்தின் பிரதம மந்திரியாக இருந்தவர், இன்று அவர் பெயரைச் சொன்னால், "எந்த ஹோட்டல் பக்கம் ஸார்?" என்று கேட்கிறார் ஆட்டோக்காரர். உட்தெருவில் குடியிருக்கும் எங்களுக்கு அந்தக் கௌரவமும் கிடையாது. யாராவது வழி கேட்டால், "புங்கமரத்துக்கு எதிர் வீடு" என்றுதான் சொல்லுகிறோம்.

அந்த அடையாளத்துக்கு இப்போது ஆபத்து வந்திருக்கிறது. முந்தாநாள் மாலை குடியிருப்போர் சங்கத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார். நல்ல மனிதர், பேரனை ஸ்கூட்டரில் பள்ளிக்குக் கொண்டுபோய் விடுகிறவர். கையில் ஒரு மனு. மரம் தெருவை அசுத்தம் செய்கிறது, வண்டிகளின் மேல் பூவும் இலையும் கொட்டுகின்றன, பூ மொய்க்கும் தேனீக்களால் குழந்தைகளுக்கு அபாயம், ஆகவே மரத்தை அகற்றித் தர வேண்டும் என்று டைப் செய்திருந்தது. பதினாலு பேர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

"நீங்க ரைட்டர். நீங்க போட்டா ஒரு வெயிட்டு" என்றார்.

தெருவோர மரத்தை நினைத்த மாத்திரத்தில் வெட்டிவிட முடியாது, அதற்கு மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதி வேண்டும் என்று எனக்குத் தெரிந்த சட்டத்தைச் சொன்னேன். "அதுக்குத்தானே ஸார் மனு" என்றார். சட்டத்தைக் கொண்டு நல்ல மனிதர்களை மடக்க முடியாது. யோசித்துச் சொல்வதாகக் காகிதத்தை வாங்கி வைத்துக்கொண்டேன்.

மரத்தின் பேரில் எனக்கு மரியாதை உண்டு. 2016 டிசம்பர் 12-ம் தேதி வர்தா புயல் அடித்தபோது, மடகாஸ்கர் தீவிலிருந்து வந்த குல்மொஹர் எங்கள் தெருவில் வேரோடு சாய்ந்தது. பெருங்கொன்றை ஒரு வீட்டு மதிலின் மேல் விழுந்தது. புங்கமரம் இரண்டு கிளைகளைக் கொடுத்துவிட்டு நின்றது. மாசியில் மொட்டையாகி, பத்தே நாளில் பளபளவென்று தளிர்த்துவிடும். சித்திரை வெயிலில் இஸ்திரிக்காரர் வண்டியை நிறுத்துவது அதன் நிழலில்தான். இந்த நாட்டு மரந்தான். தாவர சாஸ்திரத்தில் அதற்குள்ள 'பொங்கேமியா' என்ற பெயரே நம் பக்கத்துப் பெயரைத் திருப்பி எழுதியதுதான். விதையை ஆட்டினால் எண்ணெய். முன்னாளில் விளக்கெரிக்கவும் சொறி சிரங்குக்குப் போடவும் உதவியது.

ஆனால் நான் கையெழுத்துப் போடத் தயங்கியதற்கு இந்தக் குணங்கள் எதுவும் காரணமல்ல. காரணம் 1996-ம் வருஷத்து மார்ச் மாதம்.

அப்போது நான் பத்தாம் வகுப்பு. எங்கள் பள்ளியின் பின் முற்றத்தில் இரண்டு புங்கமரங்கள் இருந்தன. மார்ச் 13-ம் தேதி உலகக் கோப்பை அரையிறுதியில் இந்தியா கல்கத்தாவில் ஸ்ரீலங்காவிடம் தோற்றது. மறுநாள் பள்ளிக்கூடமே துக்க வீடு போல் இருந்தது. தமிழ் ஐயாவுக்குக் கிரிக்கெட் தெரியாது. எங்கள் முகங்களைப் பார்த்து, பரீட்சைப் பயம் என்று நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது. பாடத்தை மூடி வைத்துவிட்டுக் குறுந்தொகையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். அதில் ஐம்பத்து மூன்றாவது பாட்டு. மணலில் உதிர்ந்து கிடக்கும் புன்கம்பூவைப் பார்த்தால், முருக பூஜைக் களத்தில் நெற்பொரியை இறைத்தது மாதிரி இருக்கிறதாம். "புன்குதானடா நம்ம புங்கம். போய்ப் பாருங்கள், பின்னாலேயே இருக்கிறது" என்று சொல்லி, வகுப்பு நடக்கும்போதே எங்களை வெளியே அனுப்பினார். அந்த மாதிரி வாத்தியார்.

போய்ப் பார்த்தோம். பொரியும் இல்லை, பூவும் இல்லை. தரை சுத்தமாகத் துடைப்பத்தின் கோடு கோடாக இருந்தது. ஆயாம்மா பெருக்கிவிட்டிருந்தாள்.

ஆயாம்மாவைப் பற்றி அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம் அவ்வளவுதான். காலையில் நாங்கள் வருவதற்கு முன்பே வந்து, தென்னந்துடைப்பத்தால் முற்றம் முழுவதையும் பெருக்கி, கூடையில் அள்ளி, மதில் ஓரத்துக் குழியில் கொட்டுவாள். மெலிந்த உடம்பு, பச்சைக் கரை போட்ட வெள்ளைப் புடவை. எல்லாப் பையன்களும் அவளுக்குத் தம்பிதான். அவள் பெயர் எங்களில் ஒருவனுக்கும் தெரியாது.

பொரியைப் பார்க்காமல் திரும்புவதா? நானும் என் பெஞ்சுத் தோழனும் மரத்தில் ஏறினோம். யோசனை என்னுடையது, மரம் ஏறுவதில் கெட்டிக்காரன் அவன். ஆளுக்கொரு கிளையைப் பிடித்து உலுக்கினோம். அடடா! குறுந்தொகைப் புலவர் கண்ணால் பார்த்துத்தான் எழுதியிருக்கிறார். கீழே நின்றவர்களின் தலையிலும் சட்டையிலும் தரையிலும் பொரியாய்க் கொட்டிற்று. நேற்றுத் தோற்ற மாட்ச் எல்லோருக்கும் மறந்துவிட்டது.

சத்தம் கேட்டு ஆயாம்மா வந்தாள். தரையைப் பார்த்தாள், நிமிர்ந்து மரத்தைப் பார்த்தாள். "எறங்கு தம்பி, வுழுந்துறப் போறே" என்றாள். அவ்வளவுதான். துடைப்பத்தை எடுத்துவந்து மறுபடியும் பெருக்கினாள்.

அன்றோடு விட்டிருந்தால் தமிழ்ப் பாடத்தின் கணக்கில் சேர்ந்திருக்கும். விடவில்லை. மறுநாளும் அதற்கு மறுநாளும் அதுவே எங்கள் விளையாட்டாகிவிட்டது. அவள் பெருக்கி முடிக்கக் காத்திருப்பது; கூடையை எடுத்துக்கொண்டு நகர்ந்ததும் ஏறி உலுக்குவது. பூவைப் பார்ப்பதற்காக அல்ல. அவள் திரும்பி வருவதைப் பார்ப்பதற்காக. மூன்று நாளும் என் தோழன்தான் உச்சிக் கிளையில். என்னைவிடப் பலமாக உலுக்கினான். மூன்று நாளும் அவள் அதே வார்த்தையைத்தான் சொன்னாள். ஹெட்மாஸ்டரிடம் போய்ச் சொல்லவில்லை.

நான்காம் நாள் எங்களுக்கே அலுத்துவிட்டது. பிறகு பரீட்சை வந்தது.

முதல் பரீட்சை அன்று பயத்தில் சீக்கிரமே போய்விட்டேன். முகம் கழுவலாமென்று தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போனேன். தொட்டிக்குப் பின்னால் ஆயாம்மா நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு முன்னால் என் தோழன், தலையைக் குனிந்துகொண்டு. அவன் நெற்றியில் விபூதியைப் பூசி, கண்ணில் விழாமல் கையால் மறைத்து ஊதினாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து அவன் கையில் ஏதோ கொடுத்தாள். "பாத்து எழுதுடா கண்ணு" என்றாள். தம்பி இல்லை, கண்ணு.

நான் பின்வாங்கி வந்துவிட்டேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. வகுப்பில் அவன் அப்பா அம்மா ஊரில் இருப்பதாகவும், மாமா வீட்டில் தங்கிப் படிப்பதாகவும் சொல்லியிருந்தான். எல்லோரும் அதை நம்பியிருந்தோம். அன்று பரீட்சை மண்டபத்தில் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. மரத்தில் இரண்டு பேர் இருந்தோம். விழுந்துவிடப் போகிறாய் என்று அவள் சொன்னது ஒருவனிடம்தான்.

பல வருஷங்கள் எனக்கு அவன் மேல் கோபம் இருந்தது. பெற்றவள் பெருக்கிய தரையில் இவனே பூவை உதிர்ப்பானா? ஒரு நாளாவது காய்ச்சல் என்று சொல்லி ஒதுங்கியிருக்கக் கூடாதா? இந்தக் கோபம் எனக்கு வெகு சௌகரியமாக இருந்தது. யோசனை என்னுடையது என்பதை மறக்க உதவிற்று. பதினைந்து வயசுப் பையன், நாலு பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது, ஏற மாட்டேன் என்று எப்படிச் சொல்லுவான்? "ஏன்?" என்று அடுத்த கேள்வி வருமே. அந்தக் கேள்வியைக் கேட்கக்கூடியவன் நான்தான். கேட்டிருப்பேன்.

எழுத்துக்காரனிடம் இப்படி ஒரு விஷயம் அகப்பட்டால் சும்மா விடுவானா? இதைக் கதையாக்க நாலைந்து தடவை முயன்றிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் ஒரே தகராறு. பாதிக் கதையில் அந்தப் பையன், அதாவது நான், நல்லவனாகிவிடுகிறான். மரத்திலிருந்து குதிக்கிறான், ஆயாம்மாவின் கையிலிருந்து துடைப்பத்தை வாங்குகிறான், ஒரு தடவை காலில்கூட விழுந்துவிட்டான். கிழித்துப் போட்டேன். நடந்தது அதுவல்ல. பரீட்சை முடியும் வரையில் தினமும் காலையில் அவளைத் தாண்டிக்கொண்டு போனேன். அவள் பெருக்கிக்கொண்டிருந்தாள். "வழி விடு ஆயாம்மா" என்பதைத் தவிர நான் ஒன்றும் சொல்லவில்லை. தோழனிடமும் எனக்குத் தெரியும் என்பதைக் காட்டிக்கொள்ளவில்லை. அதைப் பெருந்தன்மை என்று சில நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவன் என்னைவிட முப்பது மார்க் அதிகம் வாங்கினான். பாலிடெக்னிக்கில் சேர்ந்தான் என்று கேள்வி. அந்த வருஷந்தான் மெட்ராஸ் சென்னையாயிற்று; நாங்களும் திசைக்கொருவராய்ப் போய்விட்டோம். அவன் பெயர் எனக்கு ஞாபகம் இருக்கிறது. இங்கே எழுதப்போவதில்லை. அவன் மறைத்த விஷயத்தை நான் அச்சில் ஏற்றுவது நாலாவது நாளும் மரத்தை உலுக்குவது போல் ஆகும்.

மனுவுக்கு வருகிறேன். இன்று காலை தெரு பெருக்கும் அம்மாள் வந்தபோது வாசலுக்குப் போனேன். வயது ஐம்பது இருக்கும். இரண்டு வருஷமாக எங்கள் தெருவைப் பெருக்குகிறார். இன்று வரையில் நான் அவரோடு பேசியதில்லை. என்னவென்று ஆரம்பிப்பது? மரத்தைக் காட்டி, "இது உங்களுக்கு ரொம்பக் கஷ்டமா இருக்காம்மா?" என்று கேட்டேன். அவர் துடைப்பத்தைத் தரையில் குத்திச் சரி செய்துகொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். மனுக் கதை அவர் காதுக்கும் எட்டியிருக்க வேண்டும்.

"பூவு என்னா சார், ஒரு மாசம் கொட்டும், அப்பால நின்னுடும். காஞ்சா காத்தாட்டம் இருக்கும், பாரமே கெடையாது. உங்க காருங்கதான் சார் பேஜாரு. வருசம் பூரா ஒரே எடத்துல நிக்குது. அடியில தொடப்பமே போவ மாட்டேங்குது. பெருக்கலைன்னு கம்ப்ளைண்டு மட்டும் வருது."

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அவர் பெயரைக் கேட்டேன். சொன்னார். "காலைல எத்தனை மணிக்கு வருவீங்க?" என்றேன். "ஆறரை" என்றார்.

மனுவைக் கையெழுத்தில்லாமல் பெரியவரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அவருக்கு வருத்தந்தான். நாளையிலிருந்து ஆறே காலுக்கு எழுந்து, காரை எடுத்துத் தெருமுனையில் நிறுத்துவதாக உத்தேசம். அங்கேயும் ஒரு புங்கமரம் இருக்கிறது.